பாக்கி கேட்டேன், மார்க் போட்டார்

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் எனக்கு ஐயாயிரத்து ஐந்நூறு பாக்கி வைத்திருந்தார். சனிக்கிழமைக்கு ஐந்நூறு வீதம் பதினொரு சனிக்கிழமை, மைக் செட் வாடகை. விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் பேச்சுப் பயிற்சி எடுத்தவன் அல்ல. எடுத்திருந்தால் இந்த வரி மூன்றாம் பக்கத்தில்தான் வந்திருக்கும். அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வணக்கம், ஒரு புன்னகை, ஒரு குட்டிக் கதை, 'உங்களில் எத்தனை பேர் வாடகைக்குப் பொருள் எடுத்திருக்கிறீர்கள், கை தூக்குங்கள் பார்க்கலாம்' என்று ஒரு கேள்வி, எல்லாம் கிடைத்திருக்கும்.

நான் சொல்லப்போகிற இனத்துக்கு 'அடிப்படைக்காரர்' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இவர்களும் பிறக்கும்போது எல்லாரையும்போல அழுதுகொண்டுதான் பிறக்கிறார்கள். இடையில் எப்போதோ, பன்னிரண்டு வாரம் நடக்கிற ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, பேசுவது எப்படி என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறார்கள். அன்றோடு பேசுவது நின்றுபோகிறது. உரையாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். நோய் முற்றினால் அவர்களே ஒரு வகுப்பு ஆரம்பித்துவிடுகிறார்கள். முற்றிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் பேச்சைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இன்றைக்கு ஆள் கிடையாது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு சைக்கிள், ஒரு குழாய் ஒலிபெருக்கி, இரவல் வாங்கிய ஒரு பேட்டரி, இப்படி ஆரம்பித்தவன் நான். இப்போது இரண்டு வேன், ஐந்து ஆம்ப்ளிஃபயர், இருபத்திரண்டு ஸ்பீக்கர் பெட்டி. நாற்பத்தோரு வருடத்தில் எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆறாயிரம் கூட்டம். அத்தனையையும் எங்கிருந்து பார்த்தேன்? மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், ஒரு மடக்கு நாற்காலியிலிருந்து. நீங்களெல்லாம் பேச்சாளரை முன்பக்கமாகப் பார்த்தவர்கள். முன்பக்கம் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். நான் பின்பக்கம் பார்த்தவன். கர்ஜிக்கிறவரின் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். எவனுக்கும் அஞ்சமாட்டேன் என்று முழங்குகிறவரின் வலது கால் கட்டைவிரல் இடது கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கா தகுதி இல்லை?

நம்முடைய பயிற்சியாளர் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் 'பேச்சின் அடிப்படைகள்' என்ற வகுப்பை நடத்திவந்தார். மாணவர்கள் முப்பத்திரண்டு பேர். வங்கி ஊழியர், நர்ஸ், துணிக்கடைக் கணக்கர், பெண்பார்க்கப் போன இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்த இரண்டு பேர், இப்படிக் கலவையான கூட்டம். அந்த அறையில் முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தால் முப்பத்து மூன்றாவது ஆள் நிற்கத்தான் வேண்டும். காதோடு காதாகப் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும். இதற்கு எதற்கு சார் மைக் என்று கேட்டேன்.

"மைக் பயம் போகணும் பெரியவரே," என்றார்.

போயிற்று. மாணவர்களுக்கு மைக் பயம் போயிற்று, அவருக்கு வாடகைப் பயம் போயிற்று.

ஒவ்வொரு வாரமும் வகுப்பு ஒரே மாதிரிதான் தொடங்கும். "புதிய பாடத்துக்குப் போகும் முன், அடிப்படையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்." அப்படித் திரும்புகிறவர் பிறகு முன்னால் திரும்பவே மாட்டார். கேட்பவரை அறிந்து பேசு, கண்ணைப் பார், கால்களைத் தோள் அகலத்துக்கு வை, கையை இடுப்புக்குக் கீழே விடாதே, எதையும் மூன்றாகப் பிரி, முக்கியமான சொல்லுக்கு முன் மூன்று விநாடி மௌனமாயிரு, எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் 'நல்ல கேள்வி' என்று சொல். ஆக ஏழு. இந்த ஏழையும் திரும்பிப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், வகுப்பே ஒன்றரை மணி நேரம்தான். எட்டாவது அடிப்படை என்று ஒன்று இருந்ததா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த இனம் வகுப்புக்கு வெளியிலும் வகுப்புக்குள்தான் இருக்கும். இவர் டீக்கடையில் டீ கேட்பதை நின்று பார்த்திருக்கிறேன். கடைக்காரரின் கண்ணைப் பார்ப்பார். காலை அகட்டுவார். "தாகம்," என்பார். மூன்று விநாடி. "களைப்பு." இன்னொரு மூன்று விநாடி. அதற்குள் கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகத்தில் தெளிக்கத் தண்ணீர் தேடுவார். அப்புறம்தான் டீ என்ற சொல் வெளியே வரும்.

ஒருநாள் கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தவறுதலாக மேல்மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"பல் டாக்டர் இங்கதானே?"

"நல்ல கேள்வி," என்றார் பயிற்சியாளர். "இந்தக் கட்டடத்தை நாம மூணு தளமாப் பிரிச்சுக்கலாம்."

"மேலயா கீழயா, அத மட்டும் சொல்லுங்க சார், உயிர் போகுது."

"வலி. அது முதல் தளம்னு வெச்சுக்குவோம்..."

சுவரோரம் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்த என் ஒயர்மேன், தலையைத் தூக்காமல் ஆள்காட்டி விரலால் தரையைக் காட்டினார். அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இந்த ஒயர்மேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு அவர் செலவழிக்கிற சொற்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும், சில நாள் ஒரு கையே மிஞ்சும். மைக் கட்டுவது, அவிழ்ப்பது, இடையில் வாயை மூடிக்கொண்டு இருப்பது, இவ்வளவுதான் வேலை. ஆறாவது சனிக்கிழமை கையசைவுப் பாடம். அதாவது, திரும்பிப் பார்க்கிற பாடத்தில் கையசைவு வந்த நேரம். "வானத்தைக் காட்டுங்கள்," என்றார் பயிற்சியாளர். வங்கி ஊழியர் மனதாரக் காட்டினார். கை மைக் ஸ்டாண்டில் பட்டு, ஸ்டாண்டு சாய்ந்து, கீழே குந்தி உட்கார்ந்து ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தவர் முகத்தில் விழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடதுபக்கச் சில்லு தூளாகிவிட்டது. வங்கி ஊழியர் நல்ல மனிதர், உடனே வருத்தம் தெரிவித்தார். மூன்று பகுதிகளாக.

அதுமுதல் ஒயர்மேன் காதுப்பக்கம் நூல் கட்டிய ஒற்றைச் சில்லுக் கண்ணாடியோடு வேலை செய்தார். மின்சாரத்தோடு புழங்குகிற ஆளுக்குச் சிவப்பு ஒயர் எது, பழுப்பு எது என்று தெரிய வேண்டாமா? ஒருநாள் ஷாக் அடித்து, கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்துப்போயிற்று. புதுக் கண்ணாடிக்கு ஆயிரத்து எண்ணூறு ஆகும் என்று கடையில் சொன்னார்களாம். எங்கள் தொழிலில் அந்தந்தக் கூட்டத்துக் கூலி அந்தந்தக் கூட்டத்து வாடகையிலிருந்துதான். சனிக்கிழமைக்கு அவருக்கு இருநூறு. வாடகை வரவில்லை, கூலியும் இல்லை.

"நான் தர்றேன் தம்பி, வாங்கிக்க," என்றேன். நான் கொடுக்கத் தயங்குகிறவன் அல்ல, ஊருக்கே தெரியும்.

"வேணாண்ணே. என் காசு அங்க இருக்குது. அது வரட்டும்."

அன்றைய சொற்கள் அதோடு தீர்ந்துவிட்டன. ஆகவே கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

முதல்முறை படிக்கட்டில் பிடித்தேன். "சார், ஆறு வாரம் ஆச்சு. வாடகை இன்னும் வரல."

அவர் என் கண்ணைப் பார்த்தார். புன்னகைத்தார். மூன்று விநாடி போயிற்று.

"குரல் நல்ல குரல் பெரியவரே. கணீர்னு இருக்கு. ஆனா தொடக்கம் சரியில்ல. எடுத்த எடுப்புல தலையில போட்டீங்கன்னா கேக்கறவர் மனசு மூடிக்கும். ஒரு சின்னச் சம்பவத்தோட ஆரம்பிச்சுப் பாருங்க."

தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நானும் வீட்டுக்குப் போனேன். என் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"குடுத்தாரா?"

"தொடக்கம் சரியில்லையாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாப்பது வருஷமா நானும் அதத்தான சொல்றேன்."

இரண்டாம் முறை அவர் வீட்டுக்கே போனேன். எட்டு வாரம் ஆகியிருந்தது. இந்தமுறை சம்பவத்தோடு ஆரம்பித்தேன். வானத்தைக் காட்டியது, ஸ்டாண்டு விழுந்தது, சில்லு நொறுங்கியது, கை உதறியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து அவர் வீட்டு அம்மாளும் வந்து நின்று கேட்டார்.

"அருமை," என்றார். "மனசத் தொட்டுட்டீங்க. ஆனா முடிவு? கேக்கறவர் என்ன செய்யணும்னு முடிவுல தெளிவாச் சொல்லணுமே. பணம் வேணும்னா, பணம் குடுங்கன்னு சொல்லணும். நீங்க சொல்லல பாருங்க."

"பணம் குடுங்க சார்."

"ஆங். இப்ப வந்துச்சு. அடுத்த தடவ இதையே முடிவுல வைங்க."

கதவு சாத்தப்பட்டது. மெதுவாகத்தான் சாத்தினார். சத்தம் போடுவது அடிப்படைக்கு விரோதம்.

எனக்கு இது புதிதில்லை, வாடகை தராதவர்களை ஏகப்பட்டபேரைப் பார்த்திருக்கிறேன். ஒளிந்துகொள்கிறவர், ஊரில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்கிறவர், எதிரே வந்தால் சந்துக்குள் திரும்புகிறவர். அவர்களிடம் ஒரு நேர்மை இருக்கிறது. பாக்கி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இந்த மனிதர் ஓடவே இல்லை. நேருக்கு நேர் நின்று, அக்கறையோடு, தலையை ஒருபக்கம் சாய்த்து, நான் சொன்னதில் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டார். அவரை எப்படித் திட்டுவது? திட்டினாலும் உச்சரிப்பு நன்றாயிருக்கிறது என்பார்.

பதினொன்றாவது சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. வகுப்பு நடக்கும்போதே எழுந்து நின்று, முப்பத்திரண்டு பேர் முன்னால் கேட்டேன். "சார், பதினோரு வாரம். ஐயாயிரத்து ஐந்நூறு. எப்ப தருவீங்க?"

அவர் முகம் சுளிக்கவில்லை. இரண்டு கையையும் இடுப்புக்கு மேலே தூக்கி மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பாருங்க. நமக்குக் கெடைக்காத வாய்ப்பு. ஐயா நமக்காக ஒரு வேண்டுகோள் உரை நிகழ்த்தியிருக்கார். முதல் வரிசை கண் தொடர்பு, ரெண்டாவது வரிசை குரல், மூணாவது வரிசை உடல்மொழி. ரெண்டு நிமிஷம் கூடிப் பேசிட்டு மார்க் போடுங்க."

கூடிப் பேசினார்கள். அக்கறையான பிள்ளைகள். குரலுக்கு ஏழு கொடுத்தார்கள், கண் தொடர்புக்கு நாலே கால். உடல்மொழிக்கு மூன்று, ஏனென்றால் நான் துண்டை முறுக்கிக்கொண்டே பேசினேனாம். துணிக்கடைக் கணக்கருக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது.

"சார், அப்ப இவருக்கு நெசமாவே காசு குடுக்கணுமா?"

"நல்ல கேள்வி. அது உள்ளடக்கம். இன்னிக்கு நாம பாக்கறது வடிவம்."

கணக்கர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மொத்தத்தில் எனக்குப் பத்துக்கு நாலே முக்கால். ஆறாயிரம் கூட்டம் கேட்டவனுக்கு நாலே முக்கால். அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் நிறைவு விழா. வாடகைக்குப் பெரிய அரங்கு, தலைமை விருந்தினராக ஓய்வுபெற்ற நீதிபதி. மைக் கட்டப் போவதில்லை என்று ஒயர்மேனிடம் சொல்லிவிட்டேன்.

அவர் ஒற்றைச் சில்லைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "போலாம்ணே. போகலன்னா அவருக்கு ஒரு காரணம் கெடைச்சிரும்."

அதுவும் சரிதான். போனோம். அரங்கு வாசலில் ஒரு மேசை போட்டு, சான்றிதழ்க் கட்டணமாக ஆளுக்கு ஐந்நூறு வாங்கி, தோளில் மாட்டிய தோல்பையில் போட்டுக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். வாங்கும்போது அடிப்படைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. டக்கு டக்கென்று வாங்கினார்.

எந்த நிகழ்ச்சியானாலும் தொடங்குவதற்கு முன்னால் ஒயர்மேன் மேடையேறி மைக்கைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் தொழில்முறை. மற்ற ஒயர்மேன்கள் ஒன், டூ, த்ரீ என்பார்கள். எங்களவர் ஒண்ணு, ரெண்டு, மூணு. சத்தம் சரியாயிருந்தால் நான் கையைத் தூக்குவேன், அவர் இறங்கிவிடுவார். சபை இதைக் கவனிப்பதே இல்லை, நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

கையைத் தூக்கினேன்.

"நாலு."

என் கை அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மற்றக் கையையும் தூக்கினேன்.

"அஞ்சு. ஆறு."

நாற்காலிச் சத்தம் நின்றது. நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒயர்மேன் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் ஸ்குரூ முடுக்குகிற மாதிரி முடுக்கி முடுக்கி இறக்கினார். பதினொன்று வந்ததும் நிறுத்தினார். மாணவர்கள் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்திருந்தார்கள். "மௌனம் நல்லா வெக்கிறாரு," என்று நர்ஸ் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"என்னப்பா பதினொண்ணு?" என்றார் நீதிபதி.

"சனிக்கெழமைங்க."

"சனிக்கிழமைக்கு என்ன?"

"மைக் வாடகை. வரலைங்க."

அவ்வளவுதான். யார் பேசி முடித்தாலும் பதினொரு வாரமாகக் கைதட்டிப் பழகியிருந்ததால் முப்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். துணிக்கடைக் கணக்கர் எழுந்து நின்றே தட்டினார்.

பயிற்சியாளர் மேடையேறி மைக் முன்னால் வந்தார். காலை அகட்டினார். "நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லும் முன், அடிப்படையை ஒருமுறை..."

ஆம்ப்ளிஃபயர் என் பக்கத்தில் இருந்தது. நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. சத்தம் வைக்கிற குமிழை இடதுபக்கமாகத் திருப்பினேன், அவ்வளவே. அவர் உதடுகள் ஆடின, கைகள் ஏறி இறங்கின, ஒருமுறை வானத்தைக்கூடக் காட்டினார். சபைக்கு ஒரு சொல் போய்ச் சேரவில்லை. "கேக்கலையே," என்றார் நீதிபதி, காதில் கையை வைத்துக்கொண்டு. பயிற்சியாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நேர் எதிரே, மைக்குக்கு அந்தப் பக்கம், ஒயர்மேன் உள்ளங்கையை விரித்து நீட்டியபடி அசையாமல் நின்றார். பயிற்சியாளரின் உதடுகள் மெல்ல நின்றன. கை தோல்பைக்குள் போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, தொடக்கம் பரவாயில்லை, நடுவில் இழுத்துவிட்டார், தற்பெருமை சற்றுத் தூக்கல் என்று மனதுக்குள் எனக்கு ஆறோ ஏழோ போட்டிருக்கிறீர்களா? போன வாரம் வீட்டில் யாரோ தலைவலி என்றபோது, அதை இவ்வளவு எரிச்சலாகச் சொல்ல வேண்டுமா என்றீர்களா? சம்பள உயர்வு கேட்டு வந்தவரிடம், கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆரம்பித்து அரைமணி நேரம் விளக்கி, அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி செய்தீர்களா? அப்படியானால் வகுப்புக்கே போகாமல் நீங்கள் தேறிவிட்டீர்கள். பயப்பட வேண்டாம், குணமாகிற நோய்தான். குணமாவது எப்படி என்பது இதோ மேடையில் நடக்கிறது.

பயிற்சியாளர் முதல் நோட்டை வெளியே எடுத்தபோது நான் குமிழை வலதுபக்கமாகத் திருப்பினேன்.

"ஒன்று," என்றார். அரங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முன்னுரை இல்லை. குட்டிக் கதை இல்லை. கால் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஒயர்மேனின் ஒற்றைச் சில்லுக்குள் நேராகப் பார்த்தபடி, ஒவ்வொரு நோட்டாக எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி எண்ணினார். நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவில் தானாகவே ஒரு இடைவெளி விழுந்தது. ஏழாவது நோட்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தது, பிரித்துத் திரும்பவும் ஏழு என்றார். பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. அந்த மனிதர் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் தெளிவான பேச்சு.

"பதினொன்று," என்று சொல்லி, கடைசி நோட்டை விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.